ஆடிக் காற்றுக்கு முதுகு காட்டாதீர்கள்

திருக்காட்டுப்பள்ளிக்காரனுக்குத் தண்ணீர் என்றால் காவிரியும் குடமுருட்டியும்தான். கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நாகப்பட்டினத்தில் இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் கயாக்கோடு அங்கே தூண்டில் போடப் போனபோது, ஆற்றில் பழகியதில் பாதியை மறக்க வேண்டியிருந்தது. ஆற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தால் போதும். கை சோர்ந்தால் இந்தக் கரையோ அந்தக் கரையோ, எங்காவது ஒதுங்கலாம். கடலில் கரை ஒரு பக்கம்தான். துடுப்பை மட்டும் நம்பிப் போகிறவன் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் கட்டுமரத்தில் தொழில் செய்த ஒரு பெரியவர். "தம்பி, போறப்ப காத்து தள்ளிவுட்டா, வர்றப்ப யாரு தள்ளுவா?" என்றார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்களே, அதே மேல்காற்றுதான் அங்கே கச்சான். நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்பாது. தண்ணீர் தாம்பாளம் மாதிரி கிடக்கும். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல நாள் இல்லை என்றுதான் தோன்றும். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் வெள்ளை நுரை தெரியும். திரும்பிப் பார்த்தால் காற்று முகத்தில் அறையும். கயாக் சாதாரணமாக மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும்; அந்தக் காற்றை எதிர்த்தால் அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே ஆனி, ஆடியில் என் கயாக் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை வாடைக் காலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம்தான்.

மாசி, பங்குனி, சித்திரைதான் நமக்கு. விடியற்காலையில் நிலக்காற்று மெல்ல வீசும், அதோடு போகலாம். வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பும், அதோடு திரும்பலாம். பாய் கட்டிய கட்டுமரங்கள் காலங்காலமாக இந்தக் கணக்கில்தான் போய் வந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். துடுப்புப் போடும் மரங்களுக்கு அந்தத் தடை இல்லை. தடையின் முதல் சில வாரங்கள், கச்சான் வலுக்கும் முன், எனக்கு மிகவும் பிடித்தவை. இஞ்சின் சத்தமே இருக்காது.

கயாக்கில் மீன் பிடிப்பதை வெளிநாட்டுப் புதுமை என்று நினைப்பவர்கள் கட்டுமரத்தை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். உள்ளே குழிவில்லாததால் தண்ணீர் தேங்காது. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கில் வடிந்துவிடும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கின் அடியில் ஓட்டை வைத்திருப்பதும் இதற்குத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் குறைந்துபோயின. ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காணொளிகளைப் பார்க்கும் நேரத்தில் அவர்கள் பக்கத்தில் போய் உட்காரலாம் என்பது என் கட்சி.

அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் பெரிய பாடு. பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓய்வு விடும். கரையில் நின்று அந்த ஓய்வைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அவசரமே வேண்டாம். கிளம்பினால் கயாக்கின் முன்முனையான அணியம் அலைக்கு நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் புரட்டிவிடும். திரும்பும்போது அலைக்கு முன்னால் ஓடாதீர்கள். உடைந்த அலையின் முதுகைத் தொடர்ந்து வாருங்கள். இறங்கியதும் கயாக்குக்குக் கடல் பக்கமாக நில்லுங்கள். கரைப் பக்கம் நின்றால் அடுத்த அலை அந்த முப்பது கிலோவையும் தூக்கி முழங்காலில் அடிக்கும்.

நங்கூரத்தை முன்முனையில் அல்லது பின்முனையில் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் கவிழ்த்துவிடும். மீன் கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ள செல்போன் இருந்தாலும் நான் பழைய வழியையும் விடவில்லை. கரையோரத் தென்னை ஒன்றும் அதற்குப் பின்னால் வேளாங்கண்ணிக் கோபுரமும் ஒரே நேராக வர வேண்டும்; இன்னொரு திசையில் அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நம் இடம். தென்கோடி மீனவர்கள் இதைக் கணியம் என்பார்கள். இதில் ஒரு லாபம் உண்டு: தென்னையும் கோபுரமும் விலகினால், நாம் இழுபட்டுக்கொண்டிருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் போடாமல் போகக்கூடாது, அதில் பேச்சே இல்லை. முதல் நாள் இரவே ஹைதராபாத் இன்காயிஸ் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிடுவேன். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் மனதில் இருக்க வேண்டும்.

கெளுத்தி ஏறினால் மடியில் போடாதீர்கள். குறடால் பிடித்து முள்ளை நறுக்குங்கள். கயாக்கில் மடியும் தளமும் ஒன்றுதான். திருக்கை என்றால் தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிடுவேன். அதன் முள் குத்தினால் தோல் தாங்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கயாக்கில் வெந்நீருக்கு எங்கே போவது?

எந்தக் குப்பமானாலும் ஊர்ப் பஞ்சாயத்து நாட்டாரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஊர்க் கட்டுப்பாட்டில் தொழிலுக்குப் போகாத நாள் என்றால் நமக்கும் விடுமுறைதான். நாம் வராவிட்டால் தேடி வரப்போவதும் அவர்கள்தானே. பிடித்ததைக் கரையில் விற்காதீர்கள், அங்கே கூடை வைத்திருக்கும் பெண்களுக்கு அது பிழைப்பு. கயாக்கைத் தூக்க ஒரு கை கொடுத்தவர்களுக்கு இரண்டு மீன் போக மிச்சம் வீட்டுக்கு. ஊர் தூரம் என்பதால் ஐஸ் பெட்டியைக் கயாக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். கானாங்கெளுத்தியும் சூரையும் வெயிலில் கிடந்து சூடேறினால், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு அதில் ஊறிவிடும். கரைக்கு வந்து ஐஸ் தேடினால் அது காலம் கடந்த வேலை.