ஜுக்கினி பயிரிடக் கடன் வாங்கும் முன்

நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளிலும் ஓசூர் வட்டாரத்திலும் ஜுக்கினி என்னும் காய் பணப்பயிராகப் பயிரிடப்பட்டு வருகிறது. பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பயிர் கொடியாகப் படராமல் செடியாக நிற்கும். காய் பார்வைக்கு வெள்ளரியைப் போலிருக்கும். விதைத்த 45 முதல் 50 நாட்களில் முதல் பறிப்பு கிடைத்துவிடும். குறுகிய காலத்தில் கையில் பணம் வருவதால் சிறு விவசாயிகள் இதில் நாட்டம் கொள்வது இயல்பே.

ஆனால் கத்தரி, தக்காளியைப் போல இது எல்லா வீட்டுச் சமையலிலும் இடம்பெறும் காய் அன்று. பெரிய ஓட்டல்களும் நகரத்துப் பெரிய காய்கறிக் கடைகளுமே இதை மிகுதியாக வாங்குகின்றன. வாங்குவோர் சிலராக இருக்கும் சந்தையில் வரத்து சற்றுக் கூடினாலும் விலை சட்டெனச் சரியும். எனவே ஜுக்கினியைப் பொறுத்தவரை விதைக்கும் முன் போடும் கணக்கே பயிரைக் காக்கும் முதல் மருந்தாகும்.

விற்பனைக்கு முதலில் வழி தேடுக

நிலத்தை உழுவதற்கு முன் வியாபாரிகள் மூவரையாவது நேரில் சந்திக்க வேண்டும். நீலகிரி விவசாயிகளுக்கு மேட்டுப்பாளையமும் கோவையும், ஓசூர் விவசாயிகளுக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவும் அருகிலுள்ள பெரிய சந்தைகளாகும். அவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு விடையை ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். வாரத்திற்கு எத்தனை கிலோ எடுப்பார்கள்? எந்த நீளமுள்ள காய் வேண்டும்? கமிஷன் எவ்வளவு? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்?

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. விலை கூடுதலாகக் கொடுத்தாலும் ஒரு மாதம் கழித்துப் பணம் தருபவரை மட்டும் நம்பினால், அதுவரை பறிப்புக் கூலிக்கு வெளியில் கடன் வாங்க நேரிடும். அருகில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் மூலம் விற்பதையும் விசாரிக்கலாம்.

நிலத்தைப் பிரித்து விதைக்கவும்

புதிதாகப் பயிரிடுபவர்கள் முதல் பருவத்தில் 50 சென்ட்டுக்கு மேல் போகாமலிருப்பது நலம். அதையும் ஒரே நாளில் விதைக்காமல் மூன்று பாகமாகப் பிரித்து, 15 நாள் இடைவெளியில் விதைக்க வேண்டும்.

உதாரணமாக, 50 சென்ட்டில் 4,000 கிலோ காய் விற்பனைக்குத் தேறும் என்று கொள்வோம். ஒரே நாளில் விதைத்தால் அவ்வளவு காயும் சுமார் 40 நாட்களுக்குள் வந்துவிடும். அதாவது வாரத்திற்கு 700 கிலோ. மூன்று பாகமாக விதைத்தால் பறிப்பு 70 நாட்கள் வரை நீடித்து, வாரத்திற்கு 400 கிலோவாகக் குறையும். வாங்குபவர் எடுக்கக்கூடிய அளவுக்கு விளைச்சலைப் பொருத்துவதற்கு இதுவே எளிய வழி. ஒரு வாரம் விலை விழுந்தாலும் முழு விளைச்சலும் அதில் சிக்காது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அசுவினிப் பூச்சிகள் பழைய செடிகளிலிருந்து இளஞ்செடிகளுக்கு மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும். ஆகவே காற்று வீசிவரும் பக்கத்தைக் கடைசிப் பாகத்திற்கு ஒதுக்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்த செடிகளை வயலில் விட்டுவைக்காமல் உடனே அகற்ற வேண்டும்.

சாகுபடியில் கவனிக்க வேண்டியவை

ஜுக்கினி பனியைத் தாங்காது. மலைப்பகுதிகளில் உறைபனிக் காலம் கழிந்த பிறகே விதைக்க வேண்டும். சமவெளியை ஒட்டிய இடங்களில் கடும் வெயிலையும் அடைமழையையும் தவிர்க்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் ஆண் பூக்கள் அதிகமாகிக் காய் குறையும். மண் வடிகால் வசதியுடையதாக இருத்தல் அவசியம்.

பூசா அலங்கார் என்ற வீரிய ஒட்டு ரகமும், ஆஸ்திரேலியன் கிரீன் என்ற ரகமும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. தனியார் வீரிய ஒட்டு விதைகளும் கிடைக்கின்றன. எந்த நிறக் காய்க்குக் கிராக்கி உண்டு என்று வியாபாரியிடம் கேட்ட பின்பே விதை வாங்க வேண்டும். வீரிய ஒட்டுச் செடியின் காயிலிருந்து எடுத்த விதையை மீண்டும் விதைக்கக் கூடாது.

வரிசைக்கு வரிசை 4 அடி, செடிக்குச் செடி 2 அடி இடைவெளியில், ஓர் அங்குல ஆழத்தில் விதையை ஊன்ற வேண்டும். இந்த இடைவெளியில் 50 சென்ட்டுக்குச் சுமார் 2,700 செடிகள் வரும். அடியுரமாக 5 டன் மக்கிய தொழு உரம் இடலாம். இரசாயன உரத்தை மண் பரிசோதனைப்படி இடுவது செலவைக் குறைக்கும்.

ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே பூக்கும். காலையில் மலர்ந்திருக்கும் சில மணி நேரத்தில் தேனீக்கள் வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும்; இல்லையேல் பிஞ்சு நுனியிலிருந்து அழுகி விழும். எனவே மருந்து தெளிப்பதானால் மாலையில் மட்டுமே தெளிக்க வேண்டும். பழ ஈயைக் கட்டுப்படுத்த இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூளைத் தூவக் கூடாது. பூசணிக் குடும்பப் பயிர்களின் இலைகளை அது கருக்கிவிடும்.

பறிப்பில்தான் இலாபம்

பூத்த 4 முதல் 7 நாட்களில், காய் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும்போது காம்புடன் அறுத்து எடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பு தவறக் கூடாது. இரண்டு மூன்று நாள் தவறினால் காய் சுரைக்காய்போலப் பெருத்து விலை போகாது. செடியின் சத்தும் அதற்கே சென்று, புதிய காய் பிடிப்பது குறையும். காய்ப்புக் காலம் முழுவதும் பறிக்க வீட்டில் ஆள் உண்டா, கூலியாள் கிடைப்பாரா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

தோல் மெல்லியது என்பதால் சாக்கில் கட்டாமல் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி, நிழலில் வைத்து, அன்றே அனுப்ப வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு

கீழ்க்காணும் கணக்கு வழிமுறையை விளக்குவதற்காக மட்டுமே. தொகைகளை அவரவர் ஊரின் விலை, கூலிக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

50 சென்ட்டுக்கான செலவு (ரூபாயில்)

விதை (3,000 விதைகள்): 12,000
உழவு, பாத்தி அமைத்தல்: 4,000
தொழு உரம்: 10,000
இரசாயன உரம், வேப்பம் பிண்ணாக்கு: 7,000
நிலப்போர்வைத் தாள்: 8,000
பயிர்ப் பாதுகாப்பு: 5,000
விதைப்பு, களை எடுப்பு: 6,000
பறிப்பு, தரம் பிரித்தல் (40 ஆள்): 20,000
வண்டி வாடகை (4,000 கிலோ, கிலோவுக்கு 3 ரூபாய்): 12,000
வட்டி, இதர செலவு: 4,000
மொத்தம்: 88,000

2,700 செடிகளில் 2,500 பலனுக்கு வந்து, செடிக்கு 2 கிலோ கிடைத்தால் 5,000 கிலோ ஆகும். கோணல், அடிபட்டது, பெருத்தது என ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் விற்பனைக்கு 4,000 கிலோ. 88,000 ரூபாயை 4,000 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 22 ரூபாய் கையில் நிற்க வேண்டும். மண்டியில் 100-க்கு 10 ரூபாய் கமிஷன் பிடித்தால், விலை 24 ரூபாய் 50 காசாவது இருந்தால்தான் முதல் திரும்பும். இதுவே கட்டுப்படியாகும் விலை.

நோயோ மழையோ தாக்கி 2,500 கிலோ மட்டுமே விற்றால் என்ன ஆகும்? வாடகை 4,500 ரூபாய் குறைந்து செலவு 83,500 ஆகும். ஆனால் கட்டுப்படியாகும் விலை 37 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். ஒரு வருடத்தில் சந்தை விலை எத்தனை மாதம் இந்த இரு தொகைகளுக்கும் மேலே நிற்கிறது என்று விசாரித்தறிய வேண்டும். யாரோ ஒருவர் ஒரு நாள் பெற்ற உச்ச விலையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

கடன் எவ்வளவு வாங்கலாம்?

மொத்தச் செலவையும் கடனாக வாங்கத் தேவையில்லை. மேற்படி கணக்கில் தொழு உரம் சொந்த மாட்டுக் கொட்டிலிலிருந்தும், களை எடுப்பும் பறிப்பில் பாதியும் குடும்ப உழைப்பிலும் முடியலாம். மீதிப் பறிப்புக் கூலியையும் வாடகையையும் காய் விற்ற பணத்திலேயே கொடுக்கலாம். அப்படியானால் முதல் பறிப்புக்கு முன் ரொக்கமாக வேண்டியது 40,000 ரூபாய்தான்.

விளைச்சல் 2,500 கிலோவாகக் குறைந்து, விலையும் 25 ரூபாயில் நின்றுவிட்டதாகக் கொள்வோம். கமிஷன் போக வரவு 56,250 ரூபாய். அனைத்தையும் கடனாக வாங்கியவர் 27,250 ரூபாய் கடனாளி ஆவார். 40,000 ரூபாய் மட்டும் வாங்கியவர், பறிப்புக் கூலியும் வாடகையும் போக 38,750 ரூபாயைத் திருப்பிவிடலாம். உழைப்புக்குப் பலன் இல்லாமல் போனாலும், குறைவது 1,250 ரூபாய்தான். நிலத்திற்கும் நகைக்கும் ஆபத்து வராது.

தமிழகத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பெறும் பயிர்க் கடனைத் தவணைக்குள் செலுத்தினால் வட்டி இல்லை. வங்கிகளில் விவசாயக் கடன் அட்டை மூலம் பெறும் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க் கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் செலுத்துபவர்களுக்கு அது 4 சதவீதமாகக் குறையும். ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பது மாவட்டந்தோறும் பயிர்வாரியாக நிர்ணயிக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் ஜுக்கினி எந்தத் தலைப்பில் வருகிறது என்பதையும், பயிர்க் காப்பீடு உண்டா என்பதையும் விண்ணப்பிக்கும்போதே கேட்டறிய வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களைத் தயாராக வைத்திருப்பது அலைச்சலைக் குறைக்கும்.

சொட்டுநீர்ப் பாசனத்திற்குத் தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் அளிக்கிறது. வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற்று, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். குழாய் பதித்து முடிந்த பின்பே விதைப்புத் தேதியைக் குறிக்க வேண்டும்.

வட்டியில்லா முன்பணத்தின் விலை

சில வியாபாரிகள் வட்டி இல்லாமல் முன்பணம் தருவதாகவும், காயைத் தங்களுக்கே தர வேண்டும் என்றும் கேட்பதுண்டு. 40,000 ரூபாய் கொடுத்தவர் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்து எடுத்தால், 4,000 கிலோவுக்கு 8,000 ரூபாய் போய்விடும். அதே தொகைக்கு 7 சதவீத வட்டியில் நான்கு மாதத்திற்கு ஆவது 933 ரூபாய்தான்.

விலை விழுந்தால்

பறிப்புக் கூலி கிலோவுக்கு 5 ரூபாய், வாடகை 3 ரூபாய். கமிஷனையும் சேர்த்தால் 9 ரூபாய்க்குக் கீழே விலை போகும் நாளில் காயை அனுப்புவது கைப்பணத்தை இழப்பதாகும். ஓரிரு வாரத்தில் விலை தேறும் என்று தெரிந்தால், காயைப் பறித்து மாட்டுக்குப் போட்டுச் செடியைக் காப்பாற்றலாம். தேறாது என்று தெரிந்தால் அந்தப் பாகத்தை உழுதுவிட்டு, பூசணிக் குடும்பத்தைச் சேராத வேறு பயிரை விதைப்பதே சிக்கனம்.

கட்டுப்படியாகும் விலை, கடனுக்கு எல்லை, பறிப்பை நிறுத்தும் விலை ஆகிய மூன்றையும் விதைப்பதற்கு முன்பே ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டால், ஜுக்கினி சிறு விவசாயிக்கும் பலன் தரும் பயிராகும்.