ஆசான் ஒருவர், நெறிகள் பல

காலணி வாங்கச் செல்லும் ஒருவன், கடையில் உள்ளவற்றுள் அழகு மிக்கது எது என்று மட்டும் பார்ப்பதில்லை. தன் காலுக்கு அளவானது எது என்றே பார்க்கின்றான். பிறனுக்குப் பொருந்திய காலணி தன் காலைக் கடிக்கும் என்பதை அவன் அறிவான். காலணிக்கு வேண்டும் இவ்வறிவு உடற்பயிற்சிக்கும் வேண்டும் அன்றோ? ஆயினும், யோகம் பயிலத் தொடங்குவோருள் பலர், பிறர் செய்யும் அரிய ஆசனத்தைக் கண்டு வியந்து, அன்றே அதனைத் தாமும் செய்ய முற்படுகின்றனர். எது சிறந்தது என்று வினவுவார் பலர். எது தமக்கு ஏற்றது என்று வினவுவார் சிலரே.

யோகம் நம் நாட்டின் பழங்கலைகளுள் ஒன்று. வடமொழியில் பதஞ்சலி முனிவர் யோக சூத்திரம் இயற்றினார். தமிழில் திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் விளக்கினார். ஆசனம் அவ்வெட்டனுள் ஒன்றேயாகும். இன்று உலகெங்கும் ஆசனத்தை முதன்மையாகக் கொண்ட பல நெறிகள் வழங்குகின்றன. அவற்றுள் பெயர்பெற்ற சில, ஓர் ஆசானிடமிருந்தே கிளைத்தவை என்பது அறியத்தக்கது.

அவ்வாசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். கன்னட நாட்டில் 1888-ஆம் ஆண்டு பிறந்த அவர், நூறாண்டு கடந்து வாழ்ந்து, 1989-இல் மறைந்தார். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால், 1933-ஆம் ஆண்டில் ஜகன்மோகன அரண்மனையில் அவர் யோகசாலை ஒன்றை நடத்தத் தொடங்கினார். அங்குப் பயின்றோருள் பெரும்பாலோர் துடிப்பு மிக்க இளைஞர். ஆதலின், தாவுதலும் வளைதலும் நிறைந்த விரைவான பயிற்சியையே அவர் அவர்களுக்குக் கற்பித்தார்.

அம்முறையைப் போற்றிக் காத்தவர் பட்டாபி ஜோயிஸ். 1915-இல் பிறந்த இவர், பன்னிரண்டாம் வயதிலேயே ஆசானை அடைந்தவர். இவர் பரப்பிய அஷ்டாங்க வின்யாச முறையில் ஆசனங்கள் மாறாத வரிசையில் அமைந்துள்ளன. ஒவ்வோர் அசைவும் மூச்சோடு இணைந்து நிகழும். உடல் வியர்க்கும். ஓர் ஆசனம் கைவந்த பின்னரே அடுத்ததைக் கற்பது இதன் மரபு. உடல் வலிமையும் விடாமுயற்சியும் உடையார்க்கு இது பெரிதும் பொருந்தும்.

மற்றொரு மாணாக்கர் பி. கே. எஸ். அய்யங்கார். இவர் 1918-ஆம் ஆண்டில், இன்புளுயன்சா என்னும் கொள்ளைநோய் உலகை வாட்டிய வேளையில், பெல்லூர் என்னும் ஊரில் பிறந்தார். மலேரியாவும் டைபாய்டும் காசமும் இவரது இளமையைக் குலைத்தன. மெலிந்த கை கால்களோடு, 1934-இல் இவர் தம் தமக்கையின் கணவராகிய கிருஷ்ணமாச்சாரியாரிடம் வந்தார். குனிந்து கால்விரலைத் தொடுதலும் இவருக்கு அரிதாயிருந்தது. ஆயினும் இவர் தளர்ந்தாரல்லர். 1937-இல் பூனா நகருக்குச் சென்று, தாமே ஆசிரியராகவும் விளங்கினார். நோயின் துன்பத்தைத் தாம் அறிந்திருந்தமையால், நோயுற்றோரும் முதியோரும் செய்யத்தக்க வழியை நாடினார். ஆசனத்தில் நெடுநேரம் நிலைத்து, எலும்பும் தசையும் முறையாக அமையச் செய்வது இவர் நெறி. கை தரையை எட்டாதவர்க்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தார். சாய முடியாதவர்க்கு நாற்காலியையும் கயிற்றையும் துணையாக்கினார். ஆசனத்திற்காக உடலை வருத்தாமல், உடலுக்கேற்ப ஆசனத்தை அமைத்தார் எனலாம்.

மூன்றாமவர் இந்திரா தேவி என்னும் அம்மையார். ஐரோப்பாவில் ரீகா நகரில் 1899-ஆம் ஆண்டு பிறந்தவர். இவர் மைசூர் வந்து கற்க விழைந்தபோது, வெளிநாட்டவர் என்றும் பெண் என்றும் கருதி, ஆசான் முதலில் மறுத்தார். மன்னர் பரிந்துரைத்த பின்னரே ஏற்றுக்கொண்டார். அப்போது அம்மையார் நாற்பது வயதை நெருங்கியிருந்தார். கற்றபின், 1939-இல் ஷாங்காய் நகரிலும், பின்னர் அமெரிக்காவின் ஹாலிவுட்டிலும் மென்மையான ஆசனங்களையும் அமைதி தரும் மூச்சுப் பயிற்சியையும் கற்பித்தார்.

கிருஷ்ணமாச்சாரியார் 1950-களில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவரை நாடி வந்தோருள் நோயாளிகளும் முதியோரும் இருந்தனர். வயது, வலிமை, தொழில், நோய் ஆகியவற்றை ஆராய்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சியை வகுத்தளித்தார். அவர் மைந்தர் தேசிகாச்சார் பொறியியல் கற்றவர். தந்தையின் பணியைக் கண்டு மனம் மாறி, யோகத்தையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். 1976-இல் அவர் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இந்நெறியைப் பேணி வருகின்றது.

இவ்வரலாற்றினின்று பெறப்படும் உண்மை யாது? ஓர் ஆசானின் கலையே இளைஞனுக்கு ஒருவாறாகவும், மெலிந்தவனுக்கு ஒருவாறாகவும், நடுவயதினர்க்கு வேறொருவாறாகவும் அமைந்தது. ஆதலின், பயில விரும்புவோர் முதலில் தம் உடலை அறிதல் வேண்டும். மிகை இரத்த அழுத்தம் உடையவரும், கழுத்திலோ கண்ணிலோ நோயுடையவரும், மருத்துவரைக் கேளாமல் தலைகீழாக நிற்றல் தகாது. நாள் முழுதும் அமர்ந்து பணிபுரிவோர்க்கு முதுகையும் தோளையும் நிமிர்த்தும் பயிற்சி வேண்டும். மனக்கலக்கம் உடையவர் மெல்லிய மூச்சுப் பயிற்சியை நாடலாம். தகுதிவாய்ந்த ஆசிரியரின் முன்னிலையில் தொடங்குதலே எவர்க்கும் நன்று.

பயிற்சி பொருந்துகின்றதா என்பதைக் காட்டும் அளவுகோல் ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டு, அது மூச்சு. பயிலும்போது மூச்சு சீராக இயங்கினால் பயிற்சி அளவோடு உள்ளது எனலாம். மூச்சுத் திணறினாலும், மூட்டில் குத்தும் வலி எழுந்தாலும், உடனே நிறுத்துதல் வேண்டும். அதனைப் பொறுத்துக்கொண்டு செய்தல் வீரம் ஆகாது. உறுதியும் இன்பமும் ஒருங்கே அமைவதே ஆசனத்தின் இலக்கணம் என்பது பதஞ்சலியார் கருத்து. உறுதி இருந்தும் இன்பம் இல்லையெனில், அது உடலோடு இடும் போரேயன்றி யோகம் அன்று.

மெலிந்த சிறுவராயிருந்த அய்யங்கார் தொண்ணூற்றைந்து ஆண்டு வாழ்ந்தார். பிறர் உடலைப் பார்த்து மயங்காமல், தன் உடலை அறிந்து, தனக்கேற்றதை நாள்தோறும் பயில்பவனுக்கே யோகம் துணையாகும்.