மெய்ப்பொருள் நாயனார் புராணத்திலே தத்தன்

திருத்தொண்டர் புராணத்தை ஓதுவோர் நாயன்மாரையே நோக்கி, அவர் அருகில் நின்றாரை நோக்காது கழிதல் பெரும்பான்மை. ஊன்றி நோக்குங்கால், அங்ஙனம் நின்றாருட் சிலர் நாயனாரது செய்கையின் உட்பொருளைக் காட்டும் விளக்காய் அமைந்திருத்தல் புலனாம். மெய்ப்பொருள் நாயனார் புராணத்துள் வரும் தத்தன் என்னும் வாயில் காவலன் அத்தகையோன். அவன் பேசுஞ் சொற்கள் மிகச் சில. செய்யுஞ் செயல்கள் மூன்றே. ஆயினும், அப்புராணத்தைப் பற்றி எழும் பெரியதோர் ஐயத்திற்கு விடை அவன்பால் உளதென்பது எமது துணிபு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

வரலாறு

சேதி நாட்டுத் திருக்கோவலூர் பெண்ணையாற்றின் தென்கரையிலுள்ளது; இறைவன் அந்தகாசுரனைச் செற்றருளிய வீரட்டத் தலம். மலாடர் குலத்துதித்து அந்நகரிலிருந்து அரசு புரிந்தவர் மெய்ப்பொருள் நாயனார். சிவனடியார் திருவேடத்தையே மெய்ப்பொருளெனச் சிந்தையிற் கொண்டு ஒழுகியவர். அவரோடு போர்செய்து பன்முறை தோற்ற முத்தநாதன் என்னும் பகைவன், படையால் அவரை வெல்லுதல் இயலாமை கண்டு, திருநீறு பூசிச் சடைமுடி கட்டி, ஏட்டுக் கட்டினுள்ளே கருவியை மறைத்துக்கொண்டு இராப்பொழுதில் அரண்மனை புகுந்தான். வாயில்தோறும் நின்ற காவலர் வேடங்கண்டு வணங்கி வழிவிட்டனர். இறுதி வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, அரசர் துயில்கின்றார், காலமறிந்து புகுதல் வேண்டும் எனத் தடுத்தான். முத்தநாதன், அரசற்கு உறுதிப்பொருள் உரைக்க வந்தேன், நீ இங்கே நில் என்று சொல்லி உட்புக்கான்.

அரசமாதேவி எழுந்து நாயனாரை எழுப்பினாள். உலகில் எங்கும் இல்லாத ஆகமநூல் ஒன்று கொணர்ந்தேன், தனியிடத்தே கூறல் வேண்டும் என்ற அவன் மொழி கேட்டு, நாயனார் தேவியை அகலச் செய்து, அவனை உயர்ந்த ஆசனத்து இருத்தித் தாம் நிலத்தே அமர்ந்தார். பின் நிகழ்ந்த கொடுமையை விரித்துரைக்கச் சேக்கிழார் ஒருப்படாது, முன் எண்ணியதை அவன் செய்தான் என்னும் அளவில் அமைத்து, அந்நிலையிலும் நாயனார் அவ்வேடத்தைத் தொழுதமை கூறி, வெற்றியை நாயனார்க்கே உரிமையாக்கினார்.

அவன் உட்புகுந்த பொழுதே தன் மனத்தை அங்கு வைத்திருந்த தத்தன், நொடியிற் புகுந்து வாளை ஓச்சினான். குருதி சோர வீழ்கின்ற நாயனார் தமது நீண்ட கையால் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்றார். தத்தன் தலையால் வணங்கி, வீழும் அரசரைத் தாங்கி, யான் செய்யத்தக்கது யாது என வினவினான். இவ்வடியார்க்கு இடையூறு நேராவண்ணம் கொண்டுபோய் விடுக என்பது ஆணை. செய்தியறிந்து கொல்லச் சூழ்ந்த நகர மாந்தரை அரசர் ஆணை கூறி விலக்கி, ஊரெல்லை கடத்தி, அவனைக் காட்டிடத்தே விடுத்து மீண்டான் தத்தன். அச்சொல்லைக் கேட்டற்பொருட்டே உயிர் தாங்கியிருந்த நாயனார், இன்று நீ எனக்குச் செய்ததனை வேறு யாவர் செய்யவல்லார் என அவனைப் பாராட்டி, அரசுரிமைக்கு உரியாரையும் தேவியரையும் நோக்கித் திருநீற்றன்பைப் பேணுமாறு பணித்து, இறைவன் திருவடி சேர்ந்தனர்.

தத்தன் பெயர் வந்த வழி

நம்பியாரூரர் திருத்தொண்டத் தொகையில் நாயனாரை வெல்லுதலில் மிக வல்லவர் எனப் போற்றிய அளவில் அமைந்தார். ஆங்குத் தத்தன் இல்லை. நம்பியாண்டார் நம்பிகள் தமது திருவந்தாதியில், நாயனார் வாய்மொழியாகத் தத்தனை விளித்தமை கூறினர். ஆங்கு அவன் ஒரு விளிப்பெயர் மாத்திரையே. இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தவராகிய சேக்கிழார் பெருமானே அவ்விளிப்பெயரைக் கண்ணும் மனமும் கையும் உடைய ஒரு மகனாக்கினார். வாயிலில் தடுத்தல், உட்புகுந்து வாளெடுத்தல், பகைவனைக் காத்துக் கொண்டு விடுத்தல் என்னும் மூன்று செயல்களையும் அவன்பால் வகுத்துக் காட்டினார். காரணமின்றி ஒரு சொல்லும் விரியாத புலவர் ஆகலின், இவ்விரிவுக்கும் ஒரு பயன் உண்டென்பது தேற்றம்.

ஐயம்

சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மயக்கம் அற்று அன்பு மிக்காரது திருவேடத்தையும் சிவாலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுக என விதிக்கின்றது. மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை இதற்கு இலக்கியமாகக் காட்டுதல் மரபு. ஈண்டு ஒரு தடை நிகழ்கின்றது. சூத்திரம் கூறுவது அன்பு மிக்காரது வேடம். முத்தநாதனிடத்தே அன்பு அணுவளவும் இல்லை. ஆகவே நாயனார் வழிபட்டது சூத்திரம் விதித்த வேடமன்று. அவர் ஏமாற்றப்பட்டாரேயன்றி ஞானத்தாற் செய்தாரல்லர் என்பர் ஒரு சாரார். இன்னும் ஒரு சாரார், பொய்வேடத்தையும் போற்றுக என்பது வஞ்சகர்க்கு வாயில் திறந்துவிடுவதாகும் என இடர்ப்படுவர். இவ்விரண்டும் எளிதிற் புறந்தள்ளத் தக்கன அல்ல.

விடை

முதலாவது தடைக்கு விடை காலத்தைக் கருதிக் காணற்பாலது. முத்தநாதனை உயர்ந்த ஆசனத்து இருத்தியது நாயனார் அவனை அறியுமுன் நிகழ்ந்தது. அதனை ஏமாற்றம் என்பார் என்க. ஆயின், நம்மவர் என்று கூறியது கருவி உடலிற் பாய்ந்த பின்னர். அப்பொழுது அவன் யாவன் என்பது ஐயமற வெளிப்பட்டுவிட்டது. அறியாமையாற் செய்தவன், அறிவு வந்தவழிச் செய்ததற்கு இரங்குவான். நாயனார் இரங்கிற்றிலர், முன்பு வணங்கிய அவ்வேடத்தையே பின்பும் வணங்கினார். ஆகவே ஏமாற்றம் என்னும் சொல் அவரிடத்தே செல்லாது. அங்ஙனமாயின் அவர் வணங்கியது யாதினை? வேடத்தை அணிந்தவனை அன்று. அணிதற்கு அவ்வேடத்தைத் தந்தவனை.

மெய்கண்ட தேவர் இச்சூத்திரத்து உதாரண வெண்பாவில், இறைவன் தன்னை உயிர்கள் உணரும்பொருட்டுத் தன் உருவத்தைத் தானே கொடுத்தனன் என்றும், அன்பரிடத்தே தயிரில் நெய்போல் விளங்கித் தோன்றுவன், பாசத்திற் கட்டுண்டார்க்கு அங்ஙனம் தோன்றான் என்றும் அருளிச்செய்தனர். ஆகவே திருவேடத்துக்கு உரிமையாளன் இறைவனே. அரசனது முத்திரை மோதிரத்தைக் கள்வன் ஒருவன் கவர்ந்து விரலில் இட்டுக்கொண்டான் எனின், களவின் குற்றம் கள்வனைச் சாரும். முத்திரை அரசனுடையதாதல் ஒழியாது. முத்தநாதன் கவர்ந்தது இறைவன் முத்திரை. அவனுக்கு இறைவன் வெளிப்பட்டிலன். அவன் அணிந்த வேடத்தைக் கண்ட நாயனார்க்கு வெளிப்பட்டனன். வெளிப்பாடு காண்பானது அன்பின்வழியது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது தடைக்கு விடை தத்தன்பால் உளது. நாயனார் செயலை எல்லார்க்கும் உரிய உலக வழக்காகச் சேக்கிழார் கருதியிருப்பின், வாயிலில் தடுத்த தத்தனை இகழ்ந்திருத்தல் வேண்டும். யாண்டும் இகழ்ந்திலர். வழிவிட்ட ஏனைக் காவலரினும் அவனுக்கே பெயர் தந்து சிறப்பித்தார். நாயனாரும் அவன் வாளோச்சியதைத் தடுத்தாரேயன்றி, ஐயுற்றதற்காக அவனைக் கடிந்திலர். முத்தநாதன் உள்ளத்தின் கருமையை ஆசிரியர் தாமே வெளிப்படக் கூறி அவனைப் பழிக்கின்றார். ஆகவே இப்புராணத்துள் மூன்று நோக்கங்கள் உள. பொய்யைப் பொய்யென்று உரைப்பது ஆசிரியர் நோக்கம். காலமும் இடமும் கருதி ஆராய்ந்து காப்பது தத்தன் நோக்கம். வேடத்தில் இறைவனையே காண்பது நாயனார் நோக்கம். இவை தம்முள் முரணுவன அல்ல. காவலன் ஆராயாதொழிவது கடமை வழு. அன்பன் வணங்காதொழிவது அன்பின் வழு.

இன்னும் ஒன்று நோக்கற்பாலது. நாயனார் பொறுத்தது தமக்கு இழைத்த தீங்கினை. பிறர்க்கு இழைக்கும் தீங்கினை வேடங்கருதிப் பொறுக்குமாறு அவர் யார்க்கும் விதித்திலர். தம் உயிரைக் கொடுத்தற்கு உரிமை தமக்கு உண்டு. பிறர் உயிரைக் கொடுத்தற்கு இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து இவ்வரலாற்றைத் தீயோர்க்கு அரணாக எடுத்துக் காட்டுவார், நாயனாரையும் அறிந்திலர், தத்தனையும் அறிந்திலர்.

தத்தன் செய்த அரிய பணி

ஏனாதிநாத நாயனார் வரலாறும் இதனோடு ஒத்ததே. அதிசூரன் தன் நெற்றியின் திருநீற்றைக் கேடகத்தால் மறைத்து வந்து, அணுகியவழிக் காட்டினான். அதுகண்ட நாயனார், நிராயுதரைக் கொன்ற குற்றம் அவனைச் சாராதொழிதற் பொருட்டு வாளும் கேடகமும் விடாது, போர்செய்வார் போல நின்று அவன் கருத்தை முற்றுவித்தனர். ஆங்கு நாயனார் தனியர்; அவர் செய்கை அவரளவில் முடிந்தது. திருக்கோவலூரிலோ, நாயனார் வீழ்ந்தபின் அவர் விரதம் வேறொருவன் கையில் உளது. தத்தன் வாளைத் தாழ்த்தாதிருப்பின், நாயனார் வணங்கிய வேடம் அவர் கண்ணெதிரே வெட்டுண்டிருக்கும். உயிர் போவது நாயனார்க்குத் துன்பமன்று, அதுவே துன்பம். ஆகலின் நாயனாரது வெற்றி நிறைவுற்றது தத்தன் கையால் என்க.

அவன் நிலையை எண்ணுக. முத்தநாதன் வஞ்சகன் என்பதை அவன் நன்கு அறிவான். தன் ஐயம் மெய்யானமையையும் கண்டான். தன் அரசன் குருதியில் கிடக்கின்றான். தன் வாளும் கையில் உளது. அறமும் அன்பும் ஒருங்கே கொல்லுக என்று ஏவும் பொழுது அது. அப்பொழுது அவன் கேட்ட வினா, இவன் நம்மவன் ஆயவாறு எங்ஙனம் என்பதன்று. யான் செய்யத்தக்கது யாது என்பதே. கொல்ல ஓங்கிய கை காக்குங் கையாயிற்று. அறிவிழந்து பணிந்தவன் அல்லன். அறிந்து வைத்தும், ஆண்டான் திருவுள்ளத்தைத் தன் உள்ளமாகக் கொண்டு பணிந்தான்.

பத்தாஞ் சூத்திரம், உயிர் தன்செயல் என்பது அற இறைவனோடு ஒன்றாய் அவன் பணியில் நிற்கவேண்டும் என்கின்றது. இப்பணி அறிவு சூனியமான நிலை போலும் எனச் சிலர் மயங்குவர். அன்று என்பதற்குத் தத்தன் நல்லதோர் உவமை. அவன் அறிவு முன்னினும் கூர்மையாகவே இருந்தது. தன்முனைப்பு ஒன்றே அடங்கிற்று. அரசன்பால் அடியவன் நின்ற நிலை, இறைவன்பால் உயிர் நிற்கவேண்டிய நிலைக்கு ஒருபுடை ஒப்பாகும்.

நமக்கு ஆவது

நம் காலத்தும் காவி உடுத்தாரும் நீறு பூசினாரும் குற்றப்பட்டுழி, இருவகைப் பிழை நிகழ்கின்றது. வேடத்துக்கு இழுக்கு வரும் என்றஞ்சி ஆராயாது மூடுவது ஒன்று. ஒருவன் குற்றங்கண்டு திருநீற்றையும் துறவையும் மடங்களையும் ஒருங்கே இகழ்வது மற்றொன்று. முன்னையது காவல் மறந்த பிழை. பின்னையது முத்திரையைக் கள்வனதென்று கொண்ட பிழை. வாயிலில் ஐயுற்று நிற்கவும் ஆணை வந்தவழி வாள் தாழ்த்தவும் வல்லான் ஒருவனே இவ்விரண்டினின்றும் தப்புவான்.

தத்தன் அறுபத்து மூவருள் எண்ணப்பட்டிலன். ஆயினும் நாயனார் இறுதியிற் பாராட்டிய தொண்டு அவனுடையதே. அவர் உயிர் காத்திருந்ததும் அவன் வரவை நோக்கியே. அப்புராணத்தை இனி ஓதுவோர், திருக்கோவலூர்க் கோமானை வணங்கும்பொழுது, அவரைத் தாங்கிய அக்கையையும் நினைவாராக.

திருச்சிற்றம்பலம்