தொட்டியில் பெருகும் நத்தைகள்: மீன் வளர்க்கத் தொடங்கும் இளைஞருக்கு ஒரு கடிதம்

மீன் தொட்டிக்குள் நத்தை பெரும்பாலும் செடியோடுதான் வருகிறது. இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற கூழாக ஒட்டியிருக்கும் முட்டைத் திட்டு எளிதில் கண்ணில் படாது. நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் அது பொரித்துவிடும். வேறொருவர் தொட்டியிலிருந்து வாங்கிய சரளையிலும் நத்தைக் குஞ்சுகள் இருக்கலாம்.

வீட்டுத் தொட்டிகளில் அதிகம் காணப்படுபவை மூன்று வகை. பிளாடர் நத்தை சிறியது. அதன் ஓடு இடப்பக்கம் திறந்திருக்கும். ராம்ஸ்ஹார்ன் தட்டையாகச் சுருண்டிருக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் உள்ளதால் சிலவற்றின் உடல் சிவந்து தெரியும். இவை இரண்டும் இருபாலுயிர்கள், ஒற்றை நத்தை வந்தாலும் இனம் பெருகும். மூன்றாவது, கூம்பு வடிவ மலேசியன் ட்ரம்பெட். பெயரில் மலேசியா இருந்தாலும் இந்தியக் குளங்களும் அதன் தாயகம்தான். பெண் நத்தை ஆண் துணையில்லாமலே குட்டி போடும். பகலில் சரளைக்குள் புதைந்து கிடந்து இரவில் வெளிவரும். எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஒழிப்பில் இறங்குவது வீண்வேலை.

நத்தை பெருகுவதற்குக் காரணம் மிச்சமாகும் தீனி. மீன் தின்னாமல் விட்டது அடியில் தங்கி அழுகுகிறது. அதுவும் பாசியும் அழுகும் இலையும் நத்தைக்கு உணவாகின்றன. ஆகவே எண்ணிக்கை திடீரென்று ஏறினால், தீனி போடும் கையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போதும். வளர்ந்த, நலமான மீன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் தீனி போடாமலும் இருக்கலாம். வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது சைஃபன் குழாயால் சரளையின் அடிவரை கசடை உறிஞ்ச வேண்டும். இதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பொறுமையிழந்த பலர் மருந்து பாட்டிலைத் தேடுவது இந்த இடைவெளியில்தான்.

அந்த மருந்துகளில் பலவற்றின் வேலைப்பொருள் செம்பு, அதாவது மயில்துத்தத்தில் இருப்பது. அது நத்தையைக் கொல்லும். அதே தொட்டியில் இறால் இருந்தால் அதையும் கொல்லும். ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சரளைக்குள் புதையும் ட்ரம்பெட் நத்தைகளில் பல தப்பிவிடும். இறந்தவையோ கண்ணுக்கெட்டாத இடங்களில் அழுகி அமோனியாவை ஏற்றும். மீன் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். செம்பு சரளையில் படிந்து பின்னாளிலும் தொல்லை தரக்கூடும். தொடங்கும் நிலையில் உள்ளவர் மருந்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

கையால் பிடிப்பது மெதுவான வழி, ஆனால் நிச்சயமான வழி. வெந்நீரில் லேசாக வாட்டிய கோஸ் இலை அல்லது வெள்ளரித் துண்டை விளக்கணைத்த பின் தொட்டியின் அடியில் வைத்து, விடியற்காலையில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு அப்படியே எடுத்துவிட வேண்டும். சில இரவுகள் தொடர்ந்து செய்தால் கூட்டம் கண்கூடாகக் குறையும்.

நத்தை தின்னும் மீனை விடச் சொல்லும் யோசனை கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கிளௌன் லோச் 30 செ.மீ. வரை வளரும், கூட்டமாக வாழும் மீன்; 2 அடித் தொட்டியில் அதை அடைப்பது கொடுமை. கேரள ஆறுகளைச் சேர்ந்த குட்டிப் பேத்தை மீன் நத்தையை ஆவலோடு தின்னும், ஆனால் மற்ற மீன்களின் துடுப்பையும் கடிக்கும். இயற்கையில் அருகிவரும் இனம் அது. அதன் நலனுக்காகத் தனித் தொட்டி வைப்பவரே அதை வாங்கலாம். நத்தையைத் தின்னும் அசாசின் நத்தை சிறு தொட்டிக்கு ஓரளவு பொருந்தும். அது இருபாலுயிர் அல்ல, மெதுவாகவே பெருகும்.

ஒரு நத்தைகூட இல்லாத தொட்டியை இலக்காக வைக்கத் தேவையில்லை. அளவோடு இருந்தால் அவை பாசியையும் செத்த இலையையும் தின்கின்றன. ட்ரம்பெட் நத்தை சரளையைக் கிளறி, அடியில் கெட்ட வாயு தங்காமல் பார்த்துக்கொள்கிறது. பகலிலேயே அவை கூட்டமாகக் கண்ணாடியில் ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அல்லது அமோனியா ஏறியிருக்கலாம். உடனே தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

புதுச் செடியை நேராகத் தொட்டியில் நடாமல் மூன்று நான்கு வாரம் தனி வாளியில் வெளிச்சத்தில் வைத்து, வெளிவரும் குஞ்சுகளையும் முட்டைத் திட்டுகளையும் பொறுக்கி எடுத்த பிறகே சேர்ப்பது நல்லது. படிகாரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவதும் உண்டு. மென்மையான இலையுள்ள செடிகள் அதில் வாடக்கூடும்.

பிடித்த நத்தைகளை ஏரியிலோ குளத்திலோ சாக்கடையிலோ கொட்டவே கூடாது. பிளாடர் நத்தை வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய அயல் இனம். சிறியவற்றை நசுக்கித் தொட்டி மீன்களுக்கே இரையாகக் கொடுக்கலாம். மற்றவற்றை ஓரிரு நாள் ஃப்ரீசரில் உறையவைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.