தீக்குச்சியின் தலையில் ஒரு வெள்ளை உப்பு

பொழுது விடியுமுன் அடுப்பு மூட்டுவதற்காகத் தீக்குச்சி ஒன்றை உரசுகிறோம். கண் இமைப்பதற்குள் சுடர் எழுகின்றது. அச்சுடர் சீறி எழுவதற்கு வேண்டிய பிராணவாயுவைக் கொடுப்பது அடுப்படிக் காற்று மட்டுமன்று. குச்சியின் தலையிலேயே அடங்கியிருக்கும் பொட்டாசியம் குளோரேட் என்னும் வெள்ளை உப்பும் ஆகும்.

பார்வைக்கு இது கறியுப்பைப் போன்றது. தானாக எரியாது. ஆனால், நூறு கிராம் உப்பினுள் ஏறத்தாழ 39 கிராம் பிராணவாயு சிறைப்பட்டிருக்கின்றது. சூடேறினால் அது விடுபடும். அதனாலேயே பள்ளி ஆய்வுக்கூடங்களில் பிராணவாயு தயாரிக்க இவ்வுப்பை நெடுங்காலம் பயன்படுத்தினர். கந்தகம், சர்க்கரை, கரித்தூள், எண்ணெய், துணி போன்ற எரியும் பொருள் எதனுடனாவது இது கலந்துவிட்டால், ஒரு சிறு பொறியோ உரசலோ போதும். நெருப்பு காற்றுக்காகக் காத்திராது. இவ்வுப்பின் பயனும் ஆபத்தும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறந்தவை.

இதனை 1786ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தவர் பெர்த்தொல்லே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியாவார். வெடியுப்புக்குப் பதிலாக இதைச் சேர்த்தால் துப்பாக்கி மருந்து மேலும் வலிமை பெறும் என அவர் கருதினார். 1788ஆம் ஆண்டில் எசோன் என்னுமிடத்திலிருந்த வெடிமருந்து ஆலையில் சோதனை நடைபெற்றது. புகழ்பெற்ற விஞ்ஞானி லவாசியேயும் அவர்தம் துணைவியாரும் அங்கு வந்திருந்தனர். கலவை அரைபடும்போதே வெடித்தது. இருவர் மாண்டனர், லவாசியே தம்பதியரும் பெர்த்தொல்லேயும் உயிர் பிழைத்தனர்.

துப்பாக்கி மருந்துக்கு ஒவ்வாத உப்பு அடுப்படிக்கு உதவியது. 1805இல் ஷான்செல் என்பவர் குளோரேட்டும் சர்க்கரையும் பூசிய குச்சியைக் கந்தக அமிலத்தில் தோய்த்து நெருப்பு உண்டாக்கினார். அமிலப் புட்டியைக் கையோடு கொண்டு திரிவது யாருக்கு இயலும்? இங்கிலாந்தில் மருந்துக்கடை நடத்திய ஜான் வாக்கர், உரசினாலே பற்றும் குச்சிகளை 1827இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதற்கு அவர் காப்புரிமை எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எங்கு உரசினாலும் பற்றும் குச்சி, வேண்டாத இடத்திலும் பற்றும் அல்லவா? சுவீடன் நாட்டினர் இதற்கு வழி கண்டனர். குளோரேட்டைக் குச்சியிலும், சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும் பிரித்து வைத்தனர். இரண்டும் உரசும்போது மட்டுமே தீ பிறக்கும். இன்று நம் கையிலிருக்கும் தீப்பெட்டி அம்முறையில் அமைந்ததே.

இதே உப்பைத் தொண்டைப் புண்ணுக்கு மருந்தாகவும் ஒரு காலத்தில் கொடுத்தார்கள் என்றால் வியப்பாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளோரேட் மாத்திரைகள் சாதாரணமாக விற்கப்பட்டன. தீப்பெட்டியுடன் ஒரே சட்டைப்பையில் கிடந்த மாத்திரைகள் உரசுண்டு தீப்பற்றியதும் உண்டு. அதனினும் கொடியது அதன் நச்சுத்தன்மை. அளவு மீறி வயிற்றினுள் சென்றால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து பழுப்பு நிறமாகும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும், சிறுநீரகம் பழுதுறும். ஆகவே மருத்துவர்கள் இதனைக் கைவிட்டனர்.

கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த வாணவெடிகள் பலரைப் பலி கொண்டதால், பிரிட்டன் 1894ஆம் ஆண்டிலேயே அக்கலவையைத் தடை செய்தது. சிவகாசி வெடித்தொழிலைக் கொண்ட இந்தியாவில் அத்தடை 1992இல்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ நூறாண்டுகள்! 1998ஆம் ஆண்டையொட்டி, லொங்கான் மரங்களைப் பருவம் தவறிப் பூக்கச் செய்யும் ஆற்றல் இவ்வுப்புக்கு உண்டெனத் தாய்லாந்தில் கண்டுகொண்டனர். நம் மாத்தா கூச்சிங்கின் இனத்தைச் சேர்ந்ததே லொங்கான். மறு ஆண்டு செப்டம்பரில், சியாங் மாய் மாநிலத்து லொங்கான் ஆலையொன்றில் சேமித்திருந்த குளோரேட் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் வெடி செய்யப் போனவர்கள் அல்லர்; பழத்தோட்டத் தொழிலை நம்பிப் பிழைத்தவர்கள்.

ரப்பர்த் தோட்டத்திற்கும் இதற்கும் தொடர்புண்டு. பொட்டாசியம் குளோரேட்டின் உடன்பிறப்பாகிய சோடியம் குளோரேட் சிறந்த களைக்கொல்லி. மலாயாத் தோட்டங்களில் முன்னர் லாலாங் புல்லை அழிக்கத் தெளிக்கப்பட்டது சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சு. அதைவிட நச்சு குறைந்தது என்பதால் பின்னாளில் சோடியம் குளோரேட் புகுந்தது. நஞ்சு குறைந்தது உண்மையே. நெருப்பின் அபாயம் கூடியது. இது நீரில் எளிதில் கரையும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மருந்தடிப்பவரின் சட்டையிலும் கைலியிலும் கரைசல் ஊறும். நீர் காய்ந்தபின் உப்பு நூலிழைக்குள் தங்கும். அப்போது அத்துணி, தீக்குச்சித் தலைக்கு நெருங்கிய உறவாகிவிடுகின்றது.

நியூசிலாந்துப் பால்பண்ணையாளர்கள் இதை 1930களில் அனுபவித்து அறிந்தனர். ராக்வொர்ட் என்ற களைக்கு இம்மருந்தை அடித்த விவசாயி ஒருவர், 1931ஆம் ஆண்டில், தம் காற்சட்டையை நெருப்பின் முன் உலரவிட்டிருந்தார். அது வெடித்து எரிந்தது. கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். அதே ஈரத்துணியை விறகடுப்பின் அருகே கொடியில் போட்டு, கீழே குழந்தை உறங்குவதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஸ்டோரிலும் இதே கதைதான். இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் வரும் வெண்பூஞ்சண நோய்க்குத் தோட்டங்களில் கந்தகத் தூள் தூவப்படுவதுண்டு. கந்தகமும் குளோரேட்டும் ஒரே கூரையின்கீழ் அடுக்கப்பட்டு, ஒரே அகப்பையால் அள்ளப்படுமானால், பிரிட்டன் தடை செய்த கலவையை நாமே அறியாமல் தயாரித்தவர்களாவோம். சுவீடன் நாட்டார் தீப்பெட்டியில் பிரித்து வைத்ததை நாம் ஸ்டோரில் சேர்த்து வைப்பது முறையாகுமா? கிராணியிடமோ கங்காணியிடமோ இதனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

குளோரேட் எந்த வகையானாலும், கீழே சிந்தியதை மரத்தூள் போட்டுக் கூட்டக்கூடாது, மரத்தூளே எரிபொருள். உப்பு ஊறிய சாக்கை வேறு எதற்கும் எடுத்துப் பயன்படுத்தலாகாது. மருந்து பட்ட உடையை, காய்வதற்கு முன்பே, அன்றன்றே நிறைய நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். மருந்தடிக்கும்போது சுருட்டும் சிகரெட்டும் கூடா. தீப்பற்றிவிட்டால் கோணியோ மணலோ போட்டு மூடுவதால் பயனில்லை. தனக்கு வேண்டிய பிராணவாயு அதனிடமே இருக்கின்றது. சிறு தீயானால் ஏராளமான தண்ணீரே அதனை அணைக்கும். இருப்பு வைத்திருக்கும் கட்டடமே பற்றிக்கொண்டால், அருகில் நிற்காமல் எல்லாரையும் தொலைவுக்கு அழைத்துச் சென்றுவிட்டு, தீயணைப்புப் படையினரிடம் உள்ளே குளோரேட் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.