செல்போன் விளையாட்டு: மன பாரத்துக்கு மருந்தா, வம்பா?

இந்த மாதப் பாடத்தை வழக்கம்போல குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். செல்போன் வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டு வாருங்கள். பாடத்தின் நடுவில் தேவைப்படும்.

தவணைக்கு இன்னும் நாலு நாள். கையில் பாதிப் பணம்தான் சேர்ந்திருக்கிறது. அந்த நாலு ராத்திரியும் நாம் என்ன செய்கிறோம்? பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறோம். கூட்டத்தில் எல்லோரும் நம்மையே பார்ப்பது போலவும், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பது போலவும் மனசுக்குள் படம் ஓடுகிறது. ஓடி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. விடிந்து எழுந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பணம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது!

இதைத்தான் மன அழுத்தம் என்கிறோம். பயம் வந்தால் ஓடவோ, எதிர்த்து நிற்கவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும். நெஞ்சு வேகமாக அடிக்கும். மூச்சு மேலோட்டமாக வரும். தோளும் கழுத்தும் இறுகும். பாம்பைப் பார்த்தால் இதெல்லாம் நல்லதுதான், ஓடித் தப்பலாம். தவணையைப் பார்த்து எங்கே ஓடுவது? ஓட முடியாத பயம் நாள் கணக்கில் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. தூக்கம் கெடுகிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறோம்.

அந்த ஓடும் படத்தைக் கொஞ்ச நேரமாவது நிறுத்த முடியுமா? இதற்காக ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்த பொருளைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீடியோ கேம்!

டெட்ரிஸ் என்று ஒரு விளையாட்டு. மேலிருந்து நாலு நாலு கட்டம் சேர்ந்த துண்டுகள் விழுந்துகொண்டே இருக்கும். திருப்பித் திருப்பி, செங்கல் அடுக்குவது போல சந்து இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுசாக நிறைந்தால் அது மறைந்துவிடும். 1984-இல் மாஸ்கோ நகரத்தில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் இதை உருவாக்கினார். இன்றைக்கு நம் பிள்ளைகள் செல்லில் கட்டம் அடுக்குகிற விளையாட்டுகளில் பாதி இதன் பேரப்பிள்ளைகள்தான்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் 2009-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு விபத்து, சாவு என்று மனசை உலுக்கும் காட்சிகளைப் படமாகக் காட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து, பாதிப் பேருக்கு மட்டும் பத்து நிமிஷம் டெட்ரிஸ் ஆடக் கொடுத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில், ஆடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் திடீர் திடீரென மனசில் வந்து நிற்பது குறைவாக இருந்தது.

இன்னொன்று நமக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் விஷயம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவமனையில், அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுக்கப்பட்ட 56 தாய்மார்களை வைத்துச் செய்த சோதனை. 2017-இல் வெளிவந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் பாதிப் பேருக்கு 15 நிமிஷம் டெட்ரிஸ். அவர்களுக்கு அந்த ஆபரேஷன் பயம் முதல் வாரத்தில் குறைந்த தடவையே திரும்பி வந்தது. பிரசவம் என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு, அந்தத் தாய்மார்களின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் மனசில் காட்சிகளைப் பிடித்து வைக்கும் இடம் சின்னது. ஒற்றை அடுப்பு மாதிரி. அதில் ஒரு சட்டி இருந்தால் இன்னொரு சட்டி ஏறாது. கட்டத்தை எங்கே வைக்கலாம், எப்படித் திருப்பலாம் என்று கண்ணும் மனசும் அதிலேயே இருந்தால், கவலைப் படத்துக்கு அடுப்பில் இடம் இல்லை. டி.வி. சீரியல் பார்க்கும்போது இது நடப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சீரியல் ஒரு பக்கம் ஓடும், கவலை ஒரு பக்கம் ஓடும். ஏனென்றால் அதில் நம் கைக்கும் புத்திக்கும் வேலை இல்லை. (போதாக்குறைக்கு மாமியார் கொடுமையை வேறு பார்த்துத் தொலைக்க வேண்டும்!)

ஆனால் ஒன்று. ரொம்ப லேசான விளையாட்டும் உதவாது, ரொம்பக் கஷ்டமானதும் உதவாது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில், என்ன முடிவு வருமோ என்ற பதற்றத்தோடு காத்திருப்பவர்களுக்கு இதே டெட்ரிஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். மெதுவாக ஓடியதும் வேகமாக ஓடியதும் பெரிதாகப் பலன் தரவில்லை. ஆடுபவரின் கைக்குத் தக்கபடி வேகம் மாறியதுதான் காத்திருக்கும் நேரத்தை லேசாக்கியது. பூக் கட்டும்போதும் கோலம் போடும்போதும் நமக்கு நேரம் போவது தெரியாமல் இருப்பது இதனால்தான். கைக்குப் பழக்கமான வேலை, ஆனால் கவனம் தப்பினால் தப்பாகிவிடும்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ கேம் ஆடினா கவலை தீர்ந்துரும்"னு யாரும் நினைக்க வேண்டாம். மேலே சொன்னவை சின்ன அளவில் நடந்த சோதனைகள். விளையாட்டு கடனை அடைக்காது, குடிக்கிற புருஷனைத் திருத்தாது. அது தருவது பத்து நிமிஷ இடைவெளி மட்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்புறம், கொஞ்சம் ஆறின மனசோடு நோட்டை எடுத்து யாரிடம் எவ்வளவு வர வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம் என்று கணக்குப் பார்க்கலாம். கொதிக்கிற மனசோடு போட்ட கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது?

"எங்களுக்கு விளையாட எங்கேங்க நேரம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நேரம் மட்டுமா பிரச்சினை? அரச மரத்தடியில் ஆம்பளைங்க சீட்டு ஆடினால் "பொழுதுபோக்கு". பொம்பளை செல்லை எடுத்தால் "வேலவெட்டி இல்லாதவ". நூறுநாள் வேலைக்குப் போய், மாட்டுக்குத் தண்ணி காட்டி, சோறு ஆக்கி முடித்த உடம்புக்குப் பத்து நிமிஷம் ஓய்வு பாவம் இல்லை. நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. பல்லாங்குழியும் தாயமும் சொட்டாங்கல்லும் பொழுது போகாமல் வந்தவை அல்ல, பொழுதைத் தாங்குவதற்கு வந்தவை என்பது என் எண்ணம்.

செல்போன் விளையாட்டும் நமக்குப் புதுசு இல்லை. நோக்கியா போனில் பாம்பு இரை தின்று நீளுமே, நினைவிருக்கிறதா? 1997-இல் முதலில் வந்தது. நெட் வேண்டாம், விளம்பரம் இல்லை, காசு கேட்காது. அந்த நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் 2006 முதல் 2014 வரை நம் கிராமத்துப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். இன்றைய விளையாட்டுகள் அந்தப் பாம்பு போல சாது இல்லை. அதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

எதை ஆடலாம்? கட்டம் அடுக்குவது, ஒரே கலர் தண்ணீரை ஒரே குப்பியில் சேர்ப்பது, குமிழி உடைப்பது, எண் கட்டம் நிரப்பும் சுடோகு. இவை எல்லாம் அமைதியானவை. சுடுவது, துரத்துவது, கெடு வைத்து விரட்டுவது மன பாரத்தோடு இருப்பவருக்கு வேண்டாம், நெஞ்சு இன்னும் படபடக்கும். விவசாயம் செய்கிற விளையாட்டும் உண்டு. 2012-இல் வந்த ஹே டே என்பதில் கோதுமை இரண்டே நிமிஷத்தில் விளையும், பயிர் காயவே காயாது! நம் காட்டில் அப்படி ஒரு போகம் கிடைத்தால் இந்தப் பாடமே தேவைப்படாது.

இப்போது செல்லை எடுங்கள். நெட்டை நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்து பாருங்கள். நெட் இல்லாமலும் ஓடினால் அதுதான் நமக்கு ஏற்றது. விளம்பரம் பெரும்பாலும் வராது, டேட்டாவும் மிச்சம். நடுவில் யாரும் "இதை வாங்கு, அதை வாங்கு" என்று தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இலவசம் என்று சொல்லும் விளையாட்டு எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கேண்டி கிரஷ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் வந்தது, மிட்டாயை மூன்று மூன்றாகச் சேர்ப்பது. அதில் ஐந்து உயிர் தருவார்கள். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கலாம். இன்னும் ஒரே ஒரு மிட்டாய்தான் பாக்கி என்று இருக்கும்போது உயிர் போனால் கை துடிக்கும். அந்தத் துடிப்பில்தான் அவர்கள் வியாபாரம். முப்பது ரூபாய்தானே என்று தோன்றும். வாரம் முப்பது என்றால் வருஷத்துக்கு 1,560 ரூபாய். நம் சேமிப்புப் புத்தகத்தைத் திறந்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையில் அந்த அரை மணி நேரக் காத்திருப்பு நமக்கு நல்லது. உயிர் தீர்ந்ததா, போனை வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய ஆபத்து வேறு. பணம் கட்டி ஆடுவது.

ரம்மி, பந்தயம், எந்தக் கலர் வரும் என்று சொல்வது, இவற்றையும் "கேம்" என்றுதான் அழைக்கிறார்கள். பெயர் ஒன்று, சரக்கு வேறு. முதலில் ஐம்பது ரூபாய் இனாம் என்பார்கள். ஒன்றிரண்டு தடவை ஜெயிக்கவும் விடுவார்கள். அப்புறம் விட்டதைப் பிடிக்க ஆடுவோம், அதைப் பிடிக்க இன்னொன்று. கையில் பணம் தீர்ந்ததும் அதே போனில் கடன் ஆப் வந்து நிற்கும். தவணைக் கவலையை மறக்க ஆரம்பித்தது, தவணைப் பணத்தையே தின்றுவிடும். அதுவும் குழுக் கடனில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் எல்லோர் தலையிலும் வந்து விழும். அதனால்தான் இதை வீட்டு விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2022-இலேயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறியது. ரம்மி திறமை விளையாட்டா, சூதாட்டமா என்று வழக்கும் நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவது, விளம்பரம் செய்வது, அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து தருவது எல்லாம் அதன்படி குற்றம். பணத்தை இழந்து நிற்பவரைத் தண்டிக்க வந்த சட்டம் அல்ல அது. இதை நன்றாக மனதில் வையுங்கள். ஏனென்றால் பலர் "போலீஸ் நம்மளப் பிடிச்சிரும்"னு பயந்தே வாயைத் திறப்பதில்லை. பணம் மோசடியாகப் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். நேரம் ஆக ஆகத் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

குழுவில் ஒருத்தி இப்படி மாட்டிக்கொண்டது தெரிந்தால், ஊக்குநரும் பிரதிநிதியும் அதைக் கூட்டத்தில் போட்டு உடைக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு, எவ்வளவு போச்சு?" என்று கேளுங்கள். மானம் போகும் என்ற பயத்தில்தான் இன்னும் ஆழமாகப் போகிறார்கள்.

காசு போகாமலும் விளையாட்டு கெடுதி செய்யலாம். நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை, சாப்பாடு, தூக்கம், பிள்ளை எல்லாம் பின்னால் போகிறது, கெடுதி என்று தெரிந்தும் தொடர்கிறது. இப்படிப் பல மாதங்களாக, பெரும்பாலும் ஒரு வருஷ அளவுக்கு, நீடித்தால் அதை ஒரு நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. நமக்கு அந்த நிலை வராமலிருக்க ஒரு சுலபமான வழி, அலாரம் வைத்துக்கொண்டு ஆடுவது. பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. பாயில் படுத்தபடி வேண்டாம். வெளிச்சம் கண்ணில் அடித்தால் வருகிற தூக்கமும் போய்விடும். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து ஆடுங்கள்.

ஆடி முடித்தும் பாரம் இறங்கவில்லை, இரண்டு வாரமாக அழுகை அழுகையாக வருகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது விளையாட்டுக்கு அடங்குகிற விஷயம் இல்லை. 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022-இல் தொடங்கியது. இரவு பகல் எப்போதும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். இந்த எண்ணை எல்லோர் போனிலும் இன்றே பதிந்து வையுங்கள், எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் போட்டுக் கொடுங்கள்.

செல்போன் இல்லாத உறுப்பினர்கள், "இது எங்களுக்கு இல்லாத பாடம்" என்று நினைத்திருப்பீர்கள். ஒற்றை அடுப்புக் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். பல்லாங்குழியில் காய் எண்ணிப் போடும்போதும் அதே கவனம்தான். அதில் கூடுதலாக ஒன்று உண்டு, எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். காய் போட்டுக்கொண்டே பேசினால், நேருக்கு நேர் சொல்ல முடியாததும் வாயில் வந்துவிடும்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போன் வைத்திருப்பவர்கள் தங்கள் போனில் என்னென்ன விளையாட்டு இருக்கிறது, எதிலாவது பணம் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று படித்த உறுப்பினர் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பல்லாங்குழி ஆடலாம். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் பதினாலு வட்டம் போட்டால் போதும். குழிக்கு ஐந்து காய் வைத்து ஆடுவதானால் 70 புளியங்கொட்டை வேண்டும். யார் கொண்டு வருவது என்பதை இன்றே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.