உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தால்



வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச மாதத்திலேயே, "நாளையிலிருந்து இந்த லைனை நீ பார்த்துக்கொள்" என்று சுப்பவைசர் உங்களிடம் சொல்லக்கூடும். நீங்கள் ஒழுங்காக வேலை செய்கிறீர்கள், கொஞ்சம் இங்கிலீஷ் கதைக்கிறீர்கள், மற்றத் தமிழ் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவீர்கள். அநேகமாக அதுதான் காரணம். இங்கே இந்தப் பொறுப்பை லீடிங் ஹாண்ட் அல்லது டீம் லீடர் என்பார்கள். முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சம்பளம் கூடுமா? சில தொழில்களின் 'அவார்ட்'டில் லீடிங் ஹாண்டுக்குத் தனிப் படி உண்டு. (அவார்ட் என்றால் இங்கே பரிசு அல்ல. ஒரு தொழிலுக்குரிய ஆகக் குறைந்த சம்பளமும் நிபந்தனைகளும் எழுதப்பட்ட சட்ட ஆவணம்.)

அடுத்தது பெரிய கேள்வி. இந்த நாலு பேரையும் எப்படி நல்லாக வேலை செய்ய வைப்பது?

எங்களில் பலர் ஊரில் கண்ட முறை ஒன்றுதான். சத்தம் போடுவது. பயத்தில் ஆட்கள் ஓடி ஓடிச் செய்வார்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியவுடன் நிறுத்திவிடுவார்கள். அதைவிட மோசம், மெஷினில் ஏதும் பிழை என்றால் உங்களிடம் வந்து சொல்லமாட்டார்கள். கையைக் காயப்படுத்திக்கொண்டவர் அதை மறைத்துக்கொண்டு வேலை செய்வார்.

மெல்பேர்ணில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. நகரின் வடக்கே புரோட்மெடோசில் போர்ட் கார்த் தொழிற்சாலை இருந்தது. 1970களில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் உங்களைப்போல வந்து சேர்ந்தவர்கள்தான்: இத்தாலியர், கிரேக்கர், துருக்கியர், யூகோஸ்லாவியர். 1973இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. லைன் ஓடிய வேகம், கழிப்பறைக்குப் போகக்கூட விடாத கெடுபிடி, மனிதரை மெஷின்போல நடத்தியது, எல்லாம் சேர்ந்திருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களே திரும்பி வேலைக்குப் போகச் சொன்னபோது, ஜூன் 13ஆம் திகதி ஆத்திரம் வெடித்தது. தொழிற்சாலையின் யன்னல்களை உடைத்தார்கள். வேலைநிறுத்தம் வாரக்கணக்காக நீடித்தது. அந்தத் தொழிற்சாலை 2016 ஒக்டோபரில் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அந்தக் கதையை இன்னமும் சொல்கிறார்கள். யன்னல் உடைத்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. ஒரு ஆளின் முறைப்பாட்டைக் கேட்க யாரும் இல்லாவிட்டால் அது எங்கே போய் முடியும் என்பதைத்தான் பாருங்கள்.

கேட்பதால் என்ன லாபம் என்று நினைக்கலாம். எல்டன் மேயோ என்பவர் 1880இல் அடிலெயிட்டில் பிறந்தவர், பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். பின்னர் அமெரிக்கா போய், சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஹோதோர்ன் என்ற தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் நடந்த ஆய்வுகளில் சேர்ந்தார். அங்கே முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிறு குழுப் பெண்களைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி கூடியது. அவர்களோடு கதைத்து, அவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்டதுதான் பெரிய காரணம் என்று மேயோ கருதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை முழுக்க ஏற்கவில்லை. சம்பள முறை மாறியதும் காரணம் என்றார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. சம்பளம் குறைவென்றால் "வெல் டன்" என்று நூறு தரம் சொல்லியும் பிரயோசனம் இல்லை. சம்பளம் சரியாக இருந்தும் மரியாதை இல்லாவிட்டால், ஆட்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள்.

ஆகவே வேலைத்தலத்தில் செய்யக்கூடியது இதுதான். ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் எல்லோரையும் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன வேலை, எவ்வளவு, ஏன் அவசரம் என்று சொல்லுங்கள். 'ஏன்' என்று தெரிந்தால் ஆட்கள் தாங்களே வழி கண்டுபிடிப்பார்கள். பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகுங்கள், ஆப்கானியரோ வியட்நாமியரோ, அவருக்கும் தாய் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. பிழை விட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதையுங்கள், நல்லாகச் செய்தவரை எல்லோருக்கும் முன்னால் பாராட்டுங்கள். கஷ்டமான வேலையை ஒரே ஆளின் தலையில் கட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். தமிழ் ஆட்களுக்கு மட்டும் லேசான வேலை கொடுத்தீர்களோ, மற்றவர்கள் அன்றே கவனித்துவிடுவார்கள். ஸ்மோக்கோ நேரத்தைக் களவெடுக்காதீர்கள். ஓய்வு இல்லாத கைதான் வெட்டுப்படுவது.

இன்னொரு விஷயம். இதைக் கவனமாக வாசியுங்கள். சில முதலாளிமார் எங்கட ஆள் ஒருவரைப் பொறுப்பில் வைப்பதே, மற்றவர்களிடம் சொல்லக் கூடாததைச் சொல்விப்பதற்குத்தான். "ஓவர்டைம் காசு இல்லை என்று அவர்களுக்குச் சொல்." "முறைப்பாடு செய்தால் விசா போய்விடும் என்று சொல்." அப்படிச் சொல்லாதீர்கள். தெரிந்துகொண்டே உடந்தையாக இருப்பவரும் தொழில் சட்டத்தின் கீழ் பொறுப்புச் சொல்லவேண்டி வரலாம், "பொஸ் சொன்னார்" என்பது போதுமான பதில் அல்ல. விசாவைக் காட்டிப் பயமுறுத்தி ஒருவரைச் சட்டத்துக்கு மாறான நிபந்தனைகளில் வேலை வாங்குவது 2024 ஜூலை 1 முதல் குற்றம். வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பதும் 2025 ஜனவரி 1 முதல் குற்றம். வேலை செய்தவரின் சம்பள உரிமை அவருடைய விசா நிலையைப் பொறுத்தது அல்ல என்று 2023இல் சட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்டது.

இப்படியான கட்டளை உங்களுக்கு வந்தால் திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் தமிழிலேயே எழுதி வையுங்கள். பிறகு 131 450க்கு எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, பெயர் வேர்க் ஒம்புட்ஸ்மனின் 13 13 94 இலக்கத்துக்கு இணைக்கச் சொல்லுங்கள். உங்கள் விசாவில் வேலை அனுமதி பற்றிச் சந்தேகம் இருந்தால், போன் எடுப்பதற்கு முதல் உங்கள் சட்டத்தரணியோடு ஒருக்கால் கதைத்துக்கொள்ளுங்கள்.